தரிசு என்று எழுதிய இடத்தில் பசும்புல்

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நம் பங்குத்தந்தை வானொலியில் ஆற்றிய மறையுரை, நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது. வாசகங்கள்: எரேமியா 23:1-6; எபேசியர் 2:13-18; மாற்கு 6:30-34)



இன்றைய நற்செய்திப் பகுதி மிகச் சிறியது. ஐந்தே வசனங்கள். பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் திரும்பி வருகிறார்கள். செய்ததையும் கற்பித்ததையும் இயேசுவிடம் சொல்கிறார்கள். வருவோரும் போவோருமாய்க் கூட்டம். உண்ணக்கூட நேரமில்லை. அவர்களைப் பார்த்த இயேசு, தனியான ஓர் இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுங்கள் என்கிறார். படகில் போகிறார்கள். மக்களோ கரை வழியாக ஓடி, அவர்களுக்கு முன்பாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆயனில்லா ஆடுகளைப் போல் இருந்த அவர்கள்மீது இயேசு பரிவு கொள்கிறார்.

அந்த இடத்தை நம் திருவிவிலியம் பாலைநிலம் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘எரேமோஸ்’. பாலை என்றதும் நம் கண்முன் மணல் வருகிறது, ஒட்டகம் வருகிறது. ஆனால் இன்றைய வாசகம் முடிந்த இடத்திலிருந்து சில வரிகள் தள்ளிப் படித்துப் பாருங்கள். அதே இடத்தில், அதே நாள் மாலையில், ஐயாயிரம் பேரையும் பசும்புல் தரையில் அமரச் செய்கிறார் இயேசு (6:39). மத்தேயுவும் புல்லைச் சொல்கிறார், யோவானும் சொல்கிறார். அது பச்சையாக இருந்தது என்று சொல்பவர் மாற்கு மட்டுமே.

பாலைநிலத்தில் பசும்புல் எப்படி வந்தது? குருமடத்தில் படித்த காலத்தில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. பாஸ்கா விழா நெருங்கிய காலம் என்று யோவான் எழுதுகிறார். மழைக்காலம் முடிந்து கலிலேயா பசுமையாக இருந்திருக்கும் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். சரியான விளக்கம்தான். ஆனாலும் எனக்கு அது முழுதாகப் பிடிபட்டது நூலகத்தில் அல்ல, தாராபுரம் பக்கத்தில் ஒரு காட்டில்.

என்னோடு குருமடத்தில் படித்த நண்பர் ஒருவரின் தந்தை இறந்த செய்தி கேட்டு அங்கே போயிருந்தேன். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த சமயம். பேருந்தில் போகும்போது சாலையின் இருபுறமும் பார்த்தேன். நெல் இல்லை, கரும்பு இல்லை. வேலி போட்ட நிலங்கள், உள்ளே புல், ஆங்காங்கே முள்மரங்கள். ‘இவ்வளவு நிலத்தையும் தரிசாகப் போட்டுவிட்டார்களே’ என்று நினைத்தேன். அடக்கம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, நண்பரின் பெரியப்பாவிடம் அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

“தரிசுங்களா? ஆருங்க சாமி சொன்னாங்க? இது சும்மா கெடக்கற காடு இல்லீங்க, சம்பாதிக்கற காடுங்க. நாங்க ஏர் பூட்டறதில்லை, அவ்வளவுதானுங்க” என்றார்.

மறுநாள் காலையில் கைத்தடியோடு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கொங்கு நாட்டில் அதற்குக் கொறங்காடு என்று பெயர். காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கமெல்லாம் சரளை கலந்த செம்மண். மழையும் குறைவு. அந்த மண்ணைப் பிடிவாதமாக உழுது பயிர் செய்தால் இரண்டு மூன்று ஆண்டில் தோற்றுப்போகும் என்று கண்ட முன்னோர்கள் அதை மேய்ச்சலுக்கு விட்டார்கள். சும்மா விடவில்லை. சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டார்கள். நடுவே வெள்வேல மரங்களை வளரவிட்டார்கள். வெயிலுக்கு நிழல் தருவதும் அவைதான். கோடையில் காய்களை உதிர்த்து ஆடு மாடுகளுக்குத் தீனி தருவதும் அவைதான். தரையில் கொழுக்கட்டைப் புல். நிலத்தைத் துண்டு துண்டாக வேலியடைத்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றைப் படல் சாத்தி வைப்பார்கள். புல் பூத்து, விதை உதிர்த்து, மறுபடி தழைத்த பிறகே படலைத் திறப்பார்கள். பேர்பெற்ற காங்கயம் காளைகளும் மேச்சேரி ஆடுகளும் வளர்வது இந்தக் கொறங்காடுகளில்தான். அந்தக் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பெரியவர் குனிந்து, புல்லைக் கையால் விலக்கினார். அடியில் தரையோடு தரையாக ஒரு கொடி. மூன்று மூன்றாகச் சின்ன இலைகள். “நரிப்பயறுங்க. புல்லு ஒசரமா நிக்கறது இதனாலதானுங்க” என்றார். சொல்லிவிட்டுப் புல்லைப் பழையபடி மூடிவிட்டார்.

சகோதர சகோதரிகளே, இந்தச் சின்னக் கொடியின் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். எல்லாச் செடிக்கும் அது வேண்டும். ஆனால் காற்றிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளப் புல்லுக்குத் தெரியாது, நெல்லுக்கும் தெரியாது. பயறு, உளுந்து, நரிப்பயறு போன்ற செடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. நன்றாக வேலை செய்யும் ஒரு வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அங்கே இருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் புல்லுக்கு இது எப்படிப் போகிறது? உயிரோடு இருக்கும்போது பயறுச் செடி பெரும்பகுதியைத் தன்னிடமே வைத்திருக்கும். அதன் வேர் மடிந்து, இலை உதிர்ந்து மக்கும்போதும், மாடு அதைத் தின்று சாணமும் கோமியமும் இடும்போதும்தான் மண்ணுக்கு வருகிறது, புல்லுக்குக் கிடைக்கிறது. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னது (யோவான் 12:24) உவமை மட்டுமல்ல. நம் காலடி மண்ணில் ஒவ்வொரு நாளும் நடப்பது.

இந்த உண்மையைக் கொங்கு நாடு ஒரு விதமாகக் கண்டது. கடலுக்கு அப்பால் இங்கிலாந்து இன்னொரு விதமாகக் கண்டது. அங்கே நரிப்பயற்றின் இடத்தில் இருப்பது குளோவர் என்ற மூவிலைச் செடி. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளை விளக்கப் புனித பேட்ரிக் அயர்லாந்தில் கையில் எடுத்துக் காட்டினார் என்று மக்கள் வழிவழியாகச் சொல்வது இந்த மூவிலைச் செடியைத்தான். புனிதரின் சொந்த எழுத்துகளில் அந்தக் கதை இல்லை. ஆனாலும் மக்களின் பக்தியில் அது நிலைத்துவிட்டது.

அந்தக் குளோவர் இங்கிலாந்து வயல்களில் பயிராக ஏறிய வரலாற்றில் ஒரு கத்தோலிக்கர் இருக்கிறார். சர் ரிச்சர்டு வெஸ்டன் என்பது அவர் பெயர். கத்தோலிக்கராய் இருப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. 1640களில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டபோது, மன்னர் பக்கம் நின்றவர், அதிலும் கத்தோலிக்கர் என்பதால், சொத்தை இழந்து பிளாண்டர்ஸ் நாட்டில் தஞ்சம் புகுந்தார். நிலம் இல்லாத நிலக்கிழார். செய்ய வேலை இல்லை. அந்த நாட்களில் அவர் ஊர் ஊராகப் போய் பிளாண்டர்ஸ் உழவர்களைக் கவனித்தார். அவர்கள் வயலை வெறுமனே போடவில்லை. குளோவர் விதைத்தார்கள், கிழங்குப் பயிர் வைத்தார்கள், அதனால் மணற்பாங்கான மண்ணும் விளைந்தது. கண்டதைத் தம் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். பின்னர் அது அச்சேறிப் பரவியது. அடுத்த நூற்றாண்டில் நார்போக் பகுதி உழவர்கள் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்று நான்கு ஆண்டுச் சுற்றாக வைத்துக்கொண்டார்கள். நிலம் சும்மா இருக்க வேண்டிய ஆண்டிலும் மாட்டுக்குத் தீனி கிடைத்தது, மண்ணுக்கு ஊட்டமும் கிடைத்தது. காரணம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இரண்டு ஜெர்மானிய அறிவியலாளர்கள் வேர்முடிச்சின் இரகசியத்தை வெளியிட்டது 1880களில்தான்.

வெஸ்டன் தம் வாழ்வின் வீணான ஆண்டுகள் என்று நினைத்திருக்கக்கூடிய காலத்தில்தான் அவர் நாட்டுக்குச் சோறு போட்ட விதை கிடைத்தது. கடவுள் வேலை செய்யும் விதம் பல நேரங்களில் இதுவே.

தொலைவுக்குப் போக வேண்டாம். நம் பாகூர்ப் பக்கத்து உழவர்களுக்கும், கடலூர், காவிரிக்கரைக்காரர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்தபின் உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் உளுந்து வளர்ந்துவிடும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? ‘தரிசு உளுந்து’. கணக்கில் தரிசு. களத்தில் உளுந்து.

இப்போது ‘எரேமோஸ்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லுக்கு ஆள் குடியிராத, கைவிடப்பட்ட, உழப்படாத இடம் என்று பொருள். மணல்வெளி என்பது அதில் ஒரு வகைதான். லூக்கா நற்செய்தியில் ஓர் ஆட்டைத் தேடிப் போகிற ஆயர் மற்றத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுச் செல்வதும் இதே எரேமோஸில்தான் (15:4). ‘இவ்வளவு ஆட்டைப் பாலைவனத்தில் விட்டுப் போகலாமா சாமி?’ என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னைக் கேட்டிருக்கிறான். அன்று எனக்குப் பதில் சரியாக வரவில்லை. இன்று சொல்வேன்: தம்பி, அது மேய்ச்சல் நிலம். ஊர்க்காரன் கண்ணுக்கு அது பாலை. ஆயன் கண்ணுக்கு அது புல்வெளி.

இயேசு களைத்த சீடர்களை எங்கே அழைத்தார் என்று இப்போது புரிகிறதா? ஊர் ஒன்றுக்கும் உதவாது என்று விட்டுவைத்த இடத்துக்கு. அங்கேதான் புல் இருந்தது. அங்கேதான் மக்கள் அமர இடம் இருந்தது. அங்கேதான் அப்பம் பலுகியது. ஒவ்வோர் ஏழாம் ஆண்டும் நிலத்தை உழாமல் விட வேண்டும் என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறதே, அந்த ஓய்வுக்குள்ளேயும் இதே ஞானம்தான் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் நிலம் வேலை செய்யாத நிலம் அல்ல. நம் கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்துகொண்டிருக்கும் நிலம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லாத ஒரு நாளும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றினேன். கோயில் வளாகத்தில் பின்புறம் முழுவதும் புல். தினமும் முதல் திருப்பலி முடிந்ததும் ஒரு வயதான அம்மா அரிவாளும் சாக்குமாக வருவார். கணவர் இல்லை. வீட்டில் ஒரே ஒரு பசு. அரை மணி நேரம் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துப் போவார். வெள்ளிக்கிழமைதோறும் பங்கு இல்லத்துச் சமையல்கட்டில் அரை லிட்டர் பால் வைத்துவிட்டுப் போவார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார்.

அந்த ஆண்டுத் தேர்த் திருவிழாவுக்கு முன் வளாகம் முழுவதும் பேவர் பிளாக் கல் பதிக்க முடிவு செய்தேன். நன்கொடை வந்தது, வேலை முடிந்தது, ஆயர் பாராட்டினார், நானும் மகிழ்ந்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த அம்மாவைக் காலையில் காணவில்லை என்பது என் நினைவுக்கு வந்தது. உபதேசியாரைக் கேட்டேன். மாட்டை விற்றுவிட்டார் என்றார்.

வீட்டுக்குப் போனேன். காலியான தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தார். “புல்லு இல்லாத எடத்துல மாட்டை வச்சிக்கினு என்னா பண்றது சாமி? அதனால என்ன, கோயிலு நல்லா பளிச்சின்னு இருக்குது” என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. மனதார வாழ்த்தினார். அதுதான் இன்றுவரை வலிக்கிறது. அந்த இடத்தைப் பார்த்த என் கண்ணுக்கு வெறும் புதர் தெரிந்தது. அவர் கண்ணுக்கு அன்றாட உணவு தெரிந்தது. கல் பதிக்கும் முன் நான் பங்குப் பேரவையைக் கேட்டேன், பொறியாளரைக் கேட்டேன். தினமும் அங்கே வந்துபோன ஒரே ஆளைக் கேட்கவில்லை.

பின்சுவர் ஓரத்துக் கற்களைப் பெயர்த்து எடுக்கச் சொன்னேன். அடுத்த மழைக்குப் புல் திரும்பி வந்தது. பசு திரும்பி வரவில்லை.

மேய்ச்சலின் ஆடுகளைச் சிதறடித்த மேய்ப்பர்களை இறைவாக்கினர் எரேமியா இன்று முதல் வாசகத்தில் எச்சரிக்கிறார். அந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் காலித் தொழுவம் என் கண்முன் வருகிறது. அந்த எச்சரிக்கை முதலில் எனக்கு. பிறகுதான் மற்றவர்களுக்கு.

அன்புக்குரியவர்களே, முதல் வெள்ளிதோறும் நெல்லித்தோப்பில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். பல வீடுகளில் நான் கேட்கும் ஒரே வார்த்தை: “சும்மா கெடக்கறேன் சாமி. யாருக்கும் பிரயோசனம் இல்ல.” ஒரு காலத்தில் பஞ்சாலையில் மூன்று ஷிப்டும் பார்த்த ஒருவர் அப்படிச் சொன்னார். கால் வராது, கட்டிலோடு சரி. ஆனால் அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் என்று முறை வைத்துச் செபமாலை சொல்கிறார். பள்ளி விட்டதும் பேரப்பிள்ளைகள் அவர் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்த வீட்டு மகனும் மருமகளும் நிம்மதியாக வேலைக்குப் போய்வருவது அவர் அங்கே படுத்திருப்பதால்தான். புல்லை விலக்கிப் பார்த்தால்தான் நரிப்பயறு தெரியும்.

இன்னொன்றையும் அந்தப் புல்வெளி சொல்லித் தருகிறது. இங்கிலாந்து மேய்ச்சலில் புல் மட்டும் ஓங்கிவிட்டால் நிழல் விழுந்து குளோவர் அழியும். உரத்தை மேலும் மேலும் கொட்டினால் புல்லுக்குத்தான் கொண்டாட்டம்; சின்னச் செடி வெளிச்சம் இல்லாமல் மறைந்துபோகும். அளவாக மேயவிட்டு உயரத்தைக் குறைத்தால் இரண்டும் வாழும். பங்கிலும் குடும்பத்திலும் அப்படித்தான். குரல் உயர்ந்தவர்கள், வசதி உள்ளவர்கள், என்னைப் போல் ஒலிபெருக்கி கையில் உள்ளவர்கள், கொஞ்சம் தாழ்ந்து இடம் விட்டால்தான் அடியில் இருப்பவர்கள்மேல் வெயில் படும். படலே சாத்தாமல் மேய்த்தாலோ இரண்டும் போய்விடும். ஞாயிறுகூட ஓய்வு இல்லாமல் உழைப்பவர்களும், உழைக்க வைப்பவர்களும் இதை மனத்தில் கொள்ளுங்கள். களைத்துத் திரும்பிய திருத்தூதர்களிடம் ஆண்டவர் கணக்குக் கேட்கவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னார்.

இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டில் ‘சும்மா இருக்கிறவர்’ என்று நீங்கள் நினைக்கும் ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவரால் உங்கள் குடும்பத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வந்துசேருவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு, எதையாவது வெட்டவோ, மூடவோ, விற்கவோ முடிவு செய்திருந்தால், அதனால் வாழ்கிறவர் யாரேனும் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.

மன்றாடுவோம். எங்கள் ஆயனாகிய ஆண்டவரே, நாங்கள் பாலை என்று ஒதுக்கிய இடத்தில் நீர் பசும்புல்லைக் கண்டீர். எங்கள் கண்களுக்கும் அந்தப் பார்வையைத் தாரும். களைத்தவர்களுக்கு ஓய்வையும், ஒதுக்கப்பட்டவர்களுக்கு மதிப்பையும், மேய்ப்பர்களாகிய எங்களுக்குக் கேட்கும் காதையும் தந்தருளும். ஆமென்.